வளைந்த மூக்கும் நேரான மூக்கும்

டிஸ்பென்சர் வேலையில் மருந்து கலக்குவது கால்வாசி, அடுத்தவருடைய சளிக் கதையைக் கேட்பது முக்கால்வாசி. பீனிசத்தால் தலை பாரமாகி, குனிந்து எதையும் எடுக்கப் பயப்படுகிற என் இனத்தவரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் கல்முனையில் ஒரு தனியார் டாக்குத்தரிடம் வேலை பார்த்தேன். கொழும்பிலிருந்து புதிதாக வந்த மனிதர்.

டோர்ச் வெளிச்சம்

மூக்கின் நடுச்சுவர் வளைந்திருந்தால் பீனிசம் வரும் என்று மனுசன் எங்கேயோ படித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருவரையும் சும்மா விடவில்லை. காய்ச்சலென்று வந்தாலும் வயிற்றுவலியென்று வந்தாலும் டோர்ச் மூக்குக்குள்தான் போகும். பார்க்கிற மூக்கில் பாதிக்கு மேல் வளைவு இருந்தது. அது எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கிற வளைவு என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு வேளாண்மைக்காரர், மண்வெட்டி பட்ட காலோடு வந்தார். இரத்தம் நிலத்தில் சொட்டுகிறது. டாக்குத்தர் டோர்ச்சை மூக்கில் அடித்து, "ஆகா, நல்ல வளைவு!" என்று சந்தோசப்பட்டார். வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வளஞ்சா வளையட்டும் தொர, காத்துப் போகுதுதானே. கீழ இரிக்கிற காலப் பாருங்க!"

அவ்வா உம்மாவின் முறைப்பாடு

மாப்பிள்ளை மனைவி வீட்டில் வந்து குடியிருப்பதுதானே நம்மூர் வழக்கம். அவ்வா உம்மா தன் மருமகன் கரீமை ஒருநாள் கூட்டி வந்தா. பின்னால் மகள் சல்மா, ஏழு மாதக் கர்ப்பிணி. கரீம் வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் அழுகின மீன் நாத்தமாம். இராத்திரியில் குறட்டை வேறு. "எனக்கு ஒரு நாத்தமும் இல்லம்மா" என்று சல்மா மெதுவாகச் சொன்னாள். "புருசன்ட பாசத்துல உனக்கு மூக்கடச்சிரிக்கி, வாயப் பொத்துகா" என்று தாய் அடக்கிவிட்டா.

டோர்ச் போனது. கரீமுக்கு நடுச்சுவர் நன்றாகவே வளைந்திருந்தது. சளியில்லை, சீழில்லை. அதனாலென்ன! நாத்தத்துக்குக் காரணம் இதுதான், கொழும்பில் வெட்டி நிமிர்த்த வேண்டும் என்று டாக்குத்தர் தீர்ப்புச் சொன்னார். கரீமுக்குக் கத்தியென்றால் நடுக்கம், மாட்டேன் என்றான். சல்மா அழத் தொடங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் சம்பளம் வாங்குகிற வாய் அல்லவா, மூடிக்கொண்டேன். அவ்வா உம்மா எழும்பிச் சொன்னா: "வளவுக் காணியும் குடுத்து ஊடும் குடுத்து வளஞ்ச மூக்கயா வாங்கின நாங்க? நிமித்திப்போட்டு வரட்டும், இல்லாட்டி அவர்ட உம்மாட ஊட்டயே இரிக்கட்டும்!"

போன பிறகும்

கரீம் சம்மாந்துறைக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். பிள்ளை பிறக்க முன் மாப்பிள்ளையைத் துரத்திவிட்டார்கள் என்று ஊர் மென்றது. இரண்டு கிழமையில் அவ்வா உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தா. ஆள் போயும் நாத்தம் போகவில்லையாம். "தலையணையை மாத்துங்க" என்றார் நம்முடைய மேதை. தலையணை மாற்றி, சுவர் கழுவி, சாம்பிராணியும் போட்டாச்சாம்.

"மூக்கு எப்பிடி இரிக்க வேணுமெண்டா இப்பிடி, அடிமட்டம் வச்சுக் கோடு கீறின மாதிரி!" என்று எனக்குக் காட்ட, டாக்குத்தர் டோர்ச்சோடு அவவுடைய முகத்தைப் பிடித்தார். விரல் கன்னத்தில் அழுந்தியதும் "அல்லாவே!" என்று ஒரு கத்தல். வாயைத் திறந்து பார்த்தால், அந்தப் பக்கத்து மேல் கடைவாய்ப்பல் சொத்தை. கராம்பு வைத்து வைத்தே காலம் கடத்தியிருக்கிறா.

மட்டக்களப்பில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் விசயம் வெளியே வந்தது. சிலருக்குப் பல்லின் வேர் கன்னத்து எலும்புக் குழிவரை ஏறியிருக்கும். அவவுக்கும் அப்படித்தான், பல்லின் அழுகல் மேலே ஏறிக் குழி நிறையச் சீழ், அசல் பீனிசம். நாத்தம் அவவுடைய தலைக்குள்ளேயே இருந்ததால் அவவுக்கு மட்டும் அடித்திருக்கிறது. டாக்குத்தர் இதைச் சொல்லி முடிக்கவில்லை, அவ சீறினா: "எண்ட மூக்கு நேரெண்டு நீங்கதானே செல்லினீங்க!"

சம்மாந்துறைப் பயணம்

பல்லைப் பிடுங்கி, குழியைக் கழுவியதும் நாத்தம் போய்விட்டது. மருமகன் வரவில்லை. ஆள் அனுப்பினார்கள், அசையவில்லை. சல்மாவுக்கோ மாதம் நெருங்குகிறது. கடைசியில் அவ்வா உம்மாவே வண்டி கட்டிக்கொண்டு போய், சம்பந்தி வீட்டு வாசலில் எல்லோருக்கும் முன்னால் "வாங்க மருமகன்" என்று கூப்பிட வேண்டி வந்தது. சத்துமருந்து வாங்க வந்தபோது சல்மாதான் சிரித்துச் சிரித்து இதைச் சொன்னாள். கரீம் வெளியே வந்து சொன்னானாம்: "மாமி, மூக்கு இன்னும் வளஞ்சுதான் இரிக்கி. அதோட வரலாமெண்டா வாறன்."

வளைந்த மூக்கோடு ஊரே சுகமாக மூச்சு விடுகிறது, அடுத்தவன் மூக்கில் குறை தேடுகிறவர் முதலில் தன் கன்னத்தை ஒருதரம் அழுத்திப் பார்ப்பது நல்லது.