செவ்வனே செய்த சித்தி

இன்றும் எந்த நாடக விமர்சனத்தைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன். கதாநாயகன் எப்படி நடித்தான், வசனம் எப்படி என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். எங்கள் சித்தி கடைசிப் பத்தியில்தான் இருப்பாள். பெயர் இருக்காது. "மற்றவர்களும் தத்தம் பங்கைச் செவ்வனே செய்தனர்" என்ற ஒற்றை வரியில் இன்னும் நாலைந்து பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு நிற்பாள்.

சித்தி அம்மாவின் தங்கை. அசோக் நகரில் எங்களோடுதான் இருந்தாள். பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், சாயங்காலம் நாடகக் குழு. மயிலாப்பூர் சபாவில் அவள் நாடகம் என்றால் குடும்பத்தோடு போய் உட்கார்ந்துவிடுவோம். 'செவ்வனே' என்றால் சிறப்பாக என்று தமிழ் டீச்சர் சொல்லியிருந்ததால், பத்திரிகையில் சித்தியை ஓயாமல் புகழ்கிறார்கள் என்று நம்பி வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அப்பாவுக்கு விஷயம் தெரியும். அவளுக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்.

"இன்னாம்மா செவ்வனே, காபி ரெடியா?"

"சிரிங்க மாமா, நல்லா சிரிங்க. என் பேரு பேப்பர்ல வராம நான் மேடைய வுட்டு எறங்கறதா இல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் காபி டம்ளரை வைக்கிற வேகத்தில் கொஞ்சம் அப்பாவின் வேட்டியில் சிந்தும்.

அந்த வருஷத்து நாடகத்தில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி வேஷம். இரவல் வாங்கிய குக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்து, கதாநாயகியிடம், "உன் புருஷனுக்கு வேலை போயிடுச்சு, உனக்கு மட்டும்தான் தெரியாது" என்று உடைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரே ஒரு காட்சி. எங்கள் வீட்டுக் குக்கரை வைத்துத்தான் ஒத்திகை நடக்கும். "பருப்பு வேகணும்டி, குடுத்துத் தொலை" என்று அம்மா பிடுங்க வரும்வரை சித்தி விடமாட்டாள். பார்த்துப் பார்த்து அந்த வசனம் எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

நாடகத்தன்று இடைவேளையில் அப்பா என்னைக் கேண்டீனுக்குக் கூட்டிப் போனார். அங்கே அந்தப் பத்திரிகையின் நாடக விமர்சகர் கீரை வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசையில் எப்போதும் பார்க்கிற மனிதர்தான். மணி அடித்தது. அவர் நிதானமாக இன்னொரு காபி சொன்னார். எனக்குப் பகீரென்றது.

"சார், மணி அடிச்சிட்டாங்க."

"அடிக்கட்டும்மா. இடைவேளை முடிஞ்சதும் வர்ற சீன் ஜனங்க வந்து உட்கார்றதுக்குன்னே வைக்கிறது. அதுல ஒண்ணும் இருக்காது."

"அதுலதான் சார் எங்க சித்தி வர்றாங்க. எப்பவும் அதுலதான் வருவாங்க. செவ்வனே செஞ்சாங்கன்னு நீங்கதானே எழுதினீங்க?"

வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதியில் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து என்னோடு வந்தார். அப்பா பின்னால் வடையும் கையுமாக ஓடி வந்தார்.

உள்ளே காட்சி தொடங்கியிருந்தது. ஆட்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். மடக்கு நாற்காலிகள் படபடவென்று சத்தம் போட்டன. யாரோ ஒரு மாமி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிக்கொண்டிருந்தாள். சித்தி குக்கரோடு வந்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அப்புறம் பேசவே இல்லை. கூட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் உதட்டை அசைத்து வசனத்தை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். கடைசி நாற்காலி அடங்கி, சபாவே அவளைப் பார்த்த பிறகுதான் சொன்னாள். அதற்கப்புறம் இருமல்கூடக் கேட்கவில்லை.

மறு வாரம் பத்திரிகை வந்தது. கடைசிப் பத்தியில் இல்லை, நடுவிலேயே சித்தியின் பெயர் இனிஷியலோடு இருந்தது. பெயரை அடுத்து இப்படி: 'பக்கத்து வீட்டுப் பெண்ணாக வந்த இவர் வசனத்தை மறந்து சற்று விழித்தாலும் பின்னர் சமாளித்துக்கொண்டார்.'

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அன்று கேலி செய்யவில்லை. "வுடும்மா, அவன் கெடக்கான்" என்றார். சித்தி மட்டும் இரண்டு தரம் படித்துவிட்டு, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தலை வாரிக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பிவிட்டாள்.

அதே நாடகம் அடுத்த மாதம் தி.நகரில் நடந்தது. அதே காட்சி, அதே நாற்காலிச் சத்தம். சித்தி குக்கரோடு வந்து மறுபடியும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். போன தடவையைவிட அதிக நேரம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "இந்தத் தடவையும் மறந்துட்டியா சித்தி?"

"மறக்கலடி. அன்னிக்கும் மறக்கல. எல்லாரும் உக்காரட்டும்னு நின்னேன்."

"அப்ப அவரு எழுதினது தப்புன்னு போய்ச் சொல்லேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? மறுபடி மறுபடி நிக்கறேன். அவரே வந்து பாத்துக்கட்டும்."

நான் நம்பவில்லை. பாவம், நம்மிடம்கூடச் சமாளிக்கிறாள் என்றுதான் தோன்றியது. மறுநாள் காலை அவளைச் சமையலறையில் நிறுத்தி, கையில் குக்கரைக் கொடுத்து, வசனத்தை ஒப்பிக்கச் சொன்னேன். சிரிக்காமல் முழுதும் சொன்னாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை. இவ்வளவு நன்றாகத் தெரிந்தவள் மேடையில் மட்டும் ஏன் மறந்துபோகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.