தூக்குக்குண்டு ஒரு விரல் தள்ளி நின்றது

இதைப் படிக்கிறவர்கள் என் கையெழுத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். கோடு போடாத தாள் வேறு. வரி தொடங்கும்போது நேராக இருக்கிறது, போகப் போக மேலே ஏறிவிடுகிறது. வாயால் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வர வேண்டிய இடத்தில் வராமல் போனதால்தான் இதெல்லாம் நடந்தது.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக வெடிக்கு மருந்து அடைக்கிறேன். எங்கள் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. நாலு பக்கமும் வாசல். எல்லாக் கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கும். வேலை நேரத்தில் சாத்தக் கூடாது, வழியில் ஒரு வாளிகூட இருக்கக் கூடாது. காலையில் உள்ளே போனதும், உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொரு கதவையும் ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பேன். ஒருமுறை பக்கத்து அறை தீப்பிடித்தபோது உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு வாசலில் பாய்ந்து வெளியே வந்து விழுந்தார்கள். ஒருவருக்குக் கை வெந்தது, அதோடு போயிற்று. அன்றிலிருந்து விருந்துக்கு ஒரு வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் கதவைத்தான் பார்க்கும்.

அப்படிப்பட்டவன் கட்டிய வீட்டில் கதவு அமைந்த கதை இது.

வாசலுக்கு நிலை வைக்க ஒரு வெள்ளிக்கிழமை குறித்தோம். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் வைத்தாக வேண்டும். சொந்தக்காரர்கள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். என் மனைவி நிலைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாவிலை கட்டி, பால் செம்போடு காத்திருந்தாள். கொத்தனாரைத்தான் காணோம். அவர் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மச்சான் முறை. அதே முகூர்த்தத்தில் சாத்தூரில் இன்னொரு வீட்டுக்கும் நிலை வைக்க ஒத்துக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டுப் பத்தே காலுக்கு வந்து இறங்கினார்.

"பிடிங்க மாப்ள, பிடிங்க. நேரம் ஓடுது."

நாலு பேர் சேர்ந்து நிலையைத் தூக்கி நிறுத்தினோம். அவர் நேர் பார்க்கச் சட்டத்தின் தலையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூல் நேராக நின்றது. நிலை நிற்கவில்லை. மேலே நூலும் சட்டமும் ஒட்டியிருந்தன, கீழே குண்டு ஒரு விரல் தள்ளி நின்றது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"ஒரு விரக்கடைதான, பூச்சுல சரியாயிரும்" என்றார், யாரும் கேட்காமலே.

"அண்ணே, பத்தரையாகப் போகுது. பாலை ஊத்தட்டுமா?" என்றாள் என் மனைவி.

"மச்சான்..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன மாப்ள?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல. தண்ணி கிண்ணி குடிக்கிறீகளான்னு கேட்டேன்."

பால் ஊற்றிவிட்டார்கள். வைத்த நிலையை அசைக்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். சிமெண்டும் இறுகிவிட்டது.

கதவு செய்ய ஆசாரி வந்தபோது, அவர் தனியாக இருந்த நேரம் பார்த்து, வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாட்ட முடியுமா என்று கேட்டேன். "வீடா கட்டுறீக, மருந்து ரூமா கட்டுறீக?" என்று அவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

குடிபோன பிறகு தெரிந்தது. முன்கதவைத் திறந்துவிட்டால் தானாகப் போய் சாத்திக்கொள்ளும். அடிமுனை தரையில் உரசி உரசி வட்டமாக ஒரு கோடு விழுந்தது. மேலே ஒரு மூலையில் சந்து, வெயில் ஒரு பட்டையாக உள்ளே வரும். பின்கதவுக்கு வேறு வியாதி. அது சாத்தினால் நிற்காது. தாழ்ப்பாளுக்கும் துளைக்கும் அரை அங்குலம் விரோதம். நாய் நுழைகிறது என்று, தினமும் நான் வேலைக்குப் போகும்போது அதை இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து சன்னல் கம்பியோடு நைலான் கயிற்றால் கட்டிவிட்டுப் போவேன். இதை நானேதான் செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

மச்சானைப் பார்க்கிறபோதெல்லாம் சொல்ல நினைப்பேன். அவர் டீ வாங்கிக் கொடுப்பார். குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மழையில் மரம் ஊதி, முன்கதவு நிலையைக் கவ்விக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்து உள்ளேயிருந்து இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஆள் உள்ளேயிருந்து இழுக்க, ஒரு ஆள் வெளியேயிருந்து தள்ள வேண்டும். மகள் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்குள்ள வரணும்னா டிக்கெட் இல்ல, ரெண்டு ஆளு வேணும்" என்று யாரிடமோ போனில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் மருந்து அடைக்கும்போது கை வேலை செய்யும், மனசு அந்தக் கதவை இழுத்துக்கொண்டே இருக்கும். அவள் தனியாக இருக்கும்போது ஏதாவது ஒன்று என்றால்?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். சீசன் வேலை தலைக்கு மேல் கிடந்தது. மத்தியானம் இடி இடித்தது. இடி விழுந்தால் எங்கள் வேலையில் மருந்தைத் தொடக் கூடாது, எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். காலையில் கேட்டில் கொடுத்த போனைத் திருப்பி வாங்கினேன். மகள் ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள்.

"யப்பா, வலி வந்துருச்சு. அம்மா ரேசனுக்குப் போயிருக்கு, போனை இங்கனயே வச்சுட்டுப் போயிருச்சு. கதவு வரமாட்டேங்குதுப்பா."

மொபெட்டில் எப்படி வந்தேன் என்று தெரியாது. மழை கண்ணில் அடித்தது. வீட்டு வாசலில் வண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கதவை இடித்தேன். அது உள்பக்கம் திறக்கிற கதவு. அவள் கதவுக்குப் பின்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள், முனகுவது கேட்டது. ஓங்கி இடித்தால் அவள் மேலே போய் விழும். மெல்லத் தள்ளினால் அசையாது.

"தள்ளி உக்காரு தாயி."

"முடியலப்பா."

சன்னலெல்லாம் கம்பி. நான் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் போட்டு யாரையாவது கூப்பிடலாம் என்றுகூடத் தோன்றவில்லை. நான் கதவை இடித்தது கேட்டு எதிர்வீட்டு மதினிதான் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னத்துக்குக் கதவோட மல்லுக்கட்டுறீக? பின்வாசல் இல்லையா ஒங்க வீட்டுல?"

அப்போதுதான் நினைவு வந்தது. பின்வாசல் இருக்கிறது, காலையில் நானே கட்டிவிட்டுப் போயிருக்கிறேன். இருபத்தாறு வருடமாக எந்தக் கதவையும் சாத்தாத இடத்தில் வேலை பார்க்கிறவன், பிள்ளைத்தாய்ச்சியை உள்ளே வைத்து வெளியில் கயிறு போட்டிருக்கிறேன்.

சுற்றி ஓடினேன். நனைந்த நைலான் முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. மதினி அரிவாளோடு வந்து, "தள்ளுங்க அங்கிட்டு" என்று என்னை ஒதுக்கிவிட்டு ஒரே வெட்டாக வெட்டினார். உள்ளே போய் மகளைத் தூக்கி நிறுத்தியதும் அவர்தான். ஆட்டோ பிடித்து சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பேத்தி பிறந்தாள். இரண்டு பேரும் சுகம் என்று நர்ஸ் சொன்னபோது, அந்த வராந்தாக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் முன்கதவைக் கீலிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்தேன். வாசலில் தார்ப்பாயைத் தொங்கவிட்டேன். "பச்சப்பிள்ள இருக்க வீடு, கதவில்லாமயா?" என்று என் மனைவி கத்தினாள். ஆனால் கதவு இல்லாத அந்த நாட்களில்தான் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும் மச்சான் வீட்டுக்குப் போனேன். டீ வந்தது. குடிக்கவில்லை.

"நிலையப் பேத்து, திருப்பி வைக்கணும் மச்சான். வெளிய தொறக்கணும்."

"வச்ச நிலையப் பேக்கவா? என்ன மாப்ள பேசுறீக! வெளிய தொறந்தா லச்சுமி எப்படி உள்ள வருவா?"

"எம் மக வெளிய வர முடியலயே" என்றேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அந்த ஒரு விரக்கடைய நானும் மறக்கல மாப்ள" என்றார்.

என் மனைவி சாமி கும்பிட்டுவிட்டு ஒப்புக்கொண்டாள். நேரம் மட்டும் பார்க்க வேண்டும் என்றாள். கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, மறுபடியும் பத்தரைக்குள். இந்தத் தடவை மச்சான் ஏழு மணிக்கே வந்துவிட்டார். ஆனாலும் பழைய சிமெண்ட் லேசில் விடவில்லை. நிலையைத் திருப்பி நிறுத்தியபோது பத்து இருபது. தூக்குக்குண்டை நான் வாங்கிக்கொண்டேன். அரை விரல் தள்ளி நின்றது.

"ஆப்பு வைங்க" என்றேன்.

"நேரம்..." என்றாள் என் மனைவி.

"இருக்கட்டும்."

ஒரு ஆப்பு வைத்தார். இன்னொன்று வைத்தார். அந்தப் பக்கச் சட்டத்துக்கும் பார்க்கச் சொன்னேன். பத்தரை ஆனது, பத்தே முக்கால் ஆனது. என் மனைவி செம்பைப் பிடித்தபடி குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆடி ஆடி, கடைசியில் சட்டத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. "இப்ப ஊத்து" என்றேன். ராகு காலத்தில்தான் ஊற்றினாள்.

பின்கதவுக்கும் தாழ்ப்பாளை மாற்றியாகிவிட்டது. கயிற்றை அடுப்பில் போட்டேன். கதவு வெளியே திறப்பதால் வாசற்படியை அகலமாக்க வேண்டியிருந்தது. தெருவில் போகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். நேற்று முழுக்க மழை. காலையில் எழுந்ததும் பயந்துகொண்டே ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். திறந்தது. சாத்திவிட்டு இன்னொரு தடவை தள்ளினேன். மகள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, "எத்தனை தடவப்பா?" என்றாள். அவளுக்குச் சொல்லத் தெரியாமல்தான் உட்கார்ந்து இதை எழுதினேன்.

கார்த்திகை இருபத்து நான்காம் தேதி.