மாமியின் இரத்தத்தில் தெரிந்த கோடு

மீன் அனுப்புகிற வெள்ளை றெஜிபோம் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் என் ஆய்வுகூட வாசலில் ஒழுகிக்கொண்டிருந்தது. மன்னாரிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறி, வழிநெடுக அதை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார் மாமா. மீனும் நண்டும் கெடாமல் அனுப்பிப் பழகிய கை. உடைத்த ஐஸுக்கு நடுவே, துவாயால் சுற்றிய பொலித்தீன் பைக்குள் ஒரு சின்னக் குழாய். அதற்குள் மாமியின் இரத்தம். ஊரில் தெரிந்த ஒரு தாதியைக் கெஞ்சி எடுப்பித்தாராம்.

“உறைஞ்சு போகக்கூடாதெண்டு துவாய் சுத்தினனான். பார் பிள்ளை, மாமிக்கு எங்க கோளாறெண்டு,” என்றார்.

குற்றம் என்னுடையது. போர் முடிந்து, மீள்குடியேற்றத்தில் அவர்கள் கரைக்குத் திரும்பித் தகரக் கொட்டில் போட்டிருந்த வருடம், லீவில் போன நான் பெரிய மனுசி மாதிரிக் கதையளந்தேன். செரோட்டோனின் என்றொரு பொருள் மூளையில் உண்டு, மனநிலைக்கும் அதற்கும் தொடர்பிருக்கிறது. நரம்புகள் வெளியே விட்ட அதைத் திரும்ப உள்ளே சுமந்து போவதற்கு ஒரு காவிப் புரதம். அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரியை வைத்து, எலி மூளையில் அது எங்கே இருக்கிறதென்று பார்ப்பதுதான் என் வேலை. இரத்தத்திலும் அது கொஞ்சம் உண்டு என்று வேறு சொல்லித் தொலைத்தேன். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த மாமா கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். மகளை வன்னியில் பறிகொடுத்துத் திரும்பிய மாமி, தகரத்தைப் பார்த்தபடி பாயில் கிடந்தார்.

இது நோய் பார்க்கிற சோதனை அல்ல என்று சொல்லி அவரை அப்போதே திருப்பியிருக்க வேண்டும். வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. என் இரத்தத்தையும் எடுத்து, இரண்டிலும் அந்தப் புரதத்தைத் தேடினேன். சோதனைத் தாளில் பிறபொருளெதிரி ஒட்டிய இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள். இரண்டும் ஒரே தடிப்பு. பெற்ற மகளின் உடல்கூடக் கிடைக்காத மனுசிக்கும், கன்ரீனில் வடை தின்றுவிட்டு வந்த எனக்கும் ஒரே கோடு. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாதென்று படித்த எனக்குத் தெரியும். தெரிந்தும் தொலைபேசியில் சொன்னேன்: “வித்தியாசம் ஒண்டும் தெரியேல்லை மாமா.”

“ஒண்டுமில்லையோ? மாதாவே,” என்று அழுதார். சந்தோசத்தில்தான் அழுதார். அந்த மாதத்தோடு மாமியை மாதாமாதம் மருந்துக்கு ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டார். கொழும்பிலேயே பார்த்துச் சொல்லியாச்சு, இனிக் குளிசை என்னத்துக்கு என்று கேட்டாராம். அந்தக் குளிசையின் தயவில்தான் மாமி எழும்பி ஒருநேரக் கஞ்சியாவது வைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்தே தெரியவந்தது.

உடனே ஊருக்கு ஓடினேன். மாமாவுக்கு விளக்கினேன். அவர் கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்துவைத்தார். மாமிதான் வரமாட்டேன் என்றுவிட்டார். இன்றைக்கும் போவதில்லை. நான் இப்போது இன்னும் பெரிய ஆய்வுகூடத்தில், இன்னும் திறமான பிறபொருளெதிரிகளோடு வேலை செய்கிறேன். நல்ல பெயரும் எடுத்துவிட்டேன், வெட்கக்கேடு.

அன்றைக்குப் பாயருகே இருந்து, கிளினிக்குக்கு வரச்சொல்லிக் கெஞ்சியபோது மாமி என்னைத் திட்டவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துக் கேட்டார்:

“நீதானே பிள்ளை சொன்னனீ, எனக்கு ஒரு நோய் வருத்தமுமில்லையெண்டு. அப்ப நான் ஏன் இப்பிடிக் கிடக்கிறன்?”