பின்பெட்டி இரண்டும் பாடவில்லை

என் வீட்டுக்காரர் மணியனுக்குக் காது போன விஷயம் பொழியூரில் எனக்கு மட்டும்தான் தெரியும். காரோடு, குளத்தூர், பாறசாலை என்று சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடையோ சர்ச் திருநாளோ, எதுவானாலும் அவருடைய மைக்செட்தான். காலமெல்லாம் குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தால் காது என்ன இரும்பிலா செய்திருக்கிறது? ஆனால் வெளியே தெரிந்தால் அத்தோடு தொழில் போச்சு. காது கேளாதவனை நம்பி யார் மைக்கைக் கொடுப்பார்கள்?

அதனால் அவர் போகிற இடமெல்லாம் நானும் போவேன். சத்தம் கூடினால் முந்தானையை இழுத்துச் செருகுவேன், குறைந்தால் தலையைச் சொறிவேன். பொண்டாட்டி இல்லாமல் மணியனுக்கு ஒயர் முறுக்கத் தெரியாது என்று ஊரே கேலி பேசியது. பேசிவிட்டுப் போகட்டும். ஆள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பெட்டிக்கென்று தனியாக ஒரு வழி வைத்திருந்தார். ஸ்பீக்கர் முகத்தில் உள்ளங்கையை வைப்பார். பெட்டி பாடுகிறதா, இரைகிறதா, செத்துக் கிடக்கிறதா என்று அந்த அதிர்வை வைத்தே சொல்லிவிடுவார்.

தொண்ணூற்றொன்பதில், வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை பிடித்த சமயம், ஈசாக்கின் மகன் பிஜு ஷார்ஜாவிலிருந்து ஒரு லேப்டாப்பும் சுற்றிலும் வைக்கிற ஸ்பீக்கர் பெட்டிகளும் கொண்டுவந்தான். ஈசாக்கின் வீடுதான் கடலோரத்தில் கடைசி வீடு. எங்களுடையது அதற்கு அடுத்தது, நடுவில் ஒரு தென்னந்தோப்பு. அந்த வருடம் கடல் கல்சுவரைத் தின்றுகொண்டிருந்தது. காலையில் பார்த்த பாறாங்கல் மாலையில் மண்ணுக்குள் போயிருக்கும். "இங்க வரைக்கும் கடலு ஏறாது. எங்கப்பன் காலத்துல இருந்து பாக்கேன்" என்பார் ஈசாக். எனக்கு அந்த வீட்டுக்குள் கால் வைக்கவே பிடிக்கவில்லை. கடலைப் பார்த்த பின்னறையில் தரை ஈரம் ஊறிக் கிடந்தது. அந்த அறையில்தான் ஈசாக்கின் மனைவி லீலாபாய் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தாள்.

மதியச் சாப்பாடு கழிந்து அக்கம்பக்கத்தார் படம் பார்க்க முன்னறையில் கூடிவிட்டார்கள். மாட்டிக்கொடுக்கப் போன என் வீட்டுக்காரர் பெட்டிகளை மூலைக்கொன்றாக வைத்தார். பின்பெட்டி இரண்டையும் பின்னறைச் சுவரை ஒட்டி நிறுத்தினார். பிஜு ஒரு மெல்லிய ஒயரை எடுத்து லேப்டாப் ஓட்டையில் செருகினான். மறுமுனையில் சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது.

"இதுல கரண்டு போவாது மணியண்ணா. வெளிச்சமாக்கும் போறது. டிஜிட்டல்."

பழைய ஒயர் என்றால் முனையில் விரல் வைத்ததும் ஆம்ப்ளிஃபயர் உறுமும், பெட்டி அதிரும். இதில் விரல் வைத்தால் ஒன்றும் இல்லை. இவர் முகம் வாடியதைப் பார்த்தேன். பக்கத்திலேயே நின்றிருப்பேன், அதற்குள் லீலாபாய் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டாள். பின்னறைக்குப் போனேன்.

முன்னறையில் படம் ஓடத் தொடங்கியது. புயலும் இடியுமாக ஏதோ காட்சி. லீலாபாய் என் கையைப் பிடித்தாள்.

"என்ன முழக்கம்டீ இது அம்மிணி? கட்டிலு குலுங்குதே."

"ஒம் மவன் கொண்டுவந்த பெட்டியாக்கும். ஷார்ஜா முழக்கம்" என்றேன். முன்னறையில் எல்லாரும் வாயைப் பிளந்திருந்தார்கள். "பின்னாலேருந்து வருதுலே" என்றார் ஈசாக். பிஜுவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

இவர் எழுந்து வந்து பின்பெட்டியில் கை வைத்தார். மற்றதிலும் வைத்தார். திரும்பவும் முதல் பெட்டிக்கே வந்தார். பிறகு சுவரில் வைத்தார். நான் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

"அம்மிணி, வெளியே எறங்கு. லீலாவைத் தூக்கு."

"என்ன, கிறுக்கு புடிச்சிருக்கா ஒங்களுக்கு? இடுப்பு ஒடிஞ்சு அனங்கக் கூடாதவளை எங்க தூக்க?"

பிஜு சிரித்தான். "அண்ணா, சவுண்டு நல்லாத்தான் உண்டு. பயப்படாதீங்க."

அப்போதுதான் இவர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"எலே பிஜு, எனக்கு ரெண்டு காதும் கேக்காது. கேக்காம ஆயி வருசம் எத்தனையோ ஆச்சு. நான் கையாலயாக்கும் பாக்கது. பின்பெட்டி ரெண்டும் செத்துக் கெடக்கு. சொவராக்கும் ஆடுது. நீங்க கேக்கது கடலாக்கும்லே."

பிஜு படத்தை நிறுத்தினான். லேப்டாப்பில் புயல் நின்றது. பின்னாலிருந்து வந்த முழக்கம் நிற்கவில்லை.

ஆளுக்கொரு காலாகக் கட்டிலோடு லீலாபாயைத் தூக்கித் தோப்புக்குக் கொண்டுவந்தோம். அவள் வலியில் கத்தினாள். திரும்பிப் பார்க்கும்போது பின்னறை இருந்த இடத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. பிஜுவின் கையில் லேப்டாப் மட்டும் இருந்தது. அதன் ஓட்டையில் அந்தச் சிவப்பு வெளிச்சம் அணையாமல் எரிந்தது.

ஈசாக் இவர் கைகளைப் பிடித்து அழுதார். ஊரே வந்து கும்பிட்டது. ஆனால் அடுத்த திருநாளுக்கு வேறு ஆளுடைய மைக்செட் பாறசாலையிலிருந்து வந்து இறங்கியது. "காது கேக்காத்த மனுசனை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்" என்றார்களாம். கும்பிட்ட கையெல்லாம் எங்கே போயின?

இப்போது கடலோரத்தில் கடைசி வீடு எங்களுடையது. சாக்கு மூடிய ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், கடலைப் பார்த்த மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி இவர் உட்கார்ந்திருக்கிறார். இன்று மதியம் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அம்மிணி, ரேடியோ பாட வச்சிருக்கியா?"

"கரண்டு போயி எவ்வளவு நேரமாச்சு" என்றேன், அவர் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி மெதுவாக.

புரிந்துகொண்டார். சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.