பின்னங்கால்

அணைக்கட்டு அலுவலகத்தில் வரைபடம் போட்டே முதுகு கூனிப்போனவர் கார்த்திகேசன். வேலைக்காலம் முழுக்க உயரமான முக்காலிதான் அவருக்கு வாய்த்தது. ஓய்வுபெற்ற வருஷம், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சித்ரலேகா கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு ஒரு நாற்காலி வாங்கி அனுப்பினாள். ஒரே எஃகுக் குழாயை வளைத்துச் செய்தது. முன்னால் இரண்டு கால்கள், அவையே தரையோடு மடங்கிப் பின்னால் ஓடின. இருக்கையின் பின்பக்கத்துக்கு அடியில் வெறும் காற்று.

உட்கார்ந்தால் பைய அமுங்கும், பைய எழும்பும். அந்த அசைவில்தான் அவர் முதுகுவலியை மறந்தார். வீட்டில் வேறு யாரும் அதில் உட்காரத் துணியவில்லை.

"கால் விளங்காத சாமானை நடுவீட்டுல போட்டு வச்சிருக்கியளே!" என்று மனைவி பார்வதியம்மாள் தினமும் புலம்பினாள். குழாய் எப்படிப் பாரம் தாங்குகிறது என்று படம் போட்டே காட்டினார். யார் கேட்டார்கள்?

ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போய்த் திரும்பியவர் வாசல்நடையிலேயே நின்றுவிட்டார். மைத்துனன் அம்பலவாணன் நாற்காலியை கிரில் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், பின்னால் இரண்டு இரும்புக் கால்களைப் பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தான். பார்வதியம்மாள் புதுக்கால்களுக்குச் சந்தனம், குங்குமம் இட்டிருந்தாள்.

"இனி ஆயுசுக்கும் ஆடாது அத்தான். தைரியமா உக்காருங்க!"

இருவர் முகத்திலும் அப்படியொரு பூரிப்பு. அதைப் பார்த்த பிறகு எங்கே கத்துவது? உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள் பார்வதியம்மாள்.

"நல்லாத்தான் இருக்கு."

கால் பெருவிரல் மட்டும் தரையை உந்தி உந்திப் பார்த்துக்கொண்டிருந்தது.