மொட்டையடிக்க மாட்டேன் என்றவள்

கொழும்பு கொட்டாஞ்சேனை றேணுகா வென்றெடுத்தவை இவை: பெண்ணுக்குத் தரமாட்டோம் என்று ஒளித்து வைத்த ஏறுகயிறு. கீழே கொப்புப் பொறுக்கும் வேலைக்குப் பதிலாக உச்சியில் மரமறுக்கும் வாள் பிடிக்கும் வேலை. ஆம்பிளைகளுக்குக் கொடுத்த அதே நாட்கூலி. "இறங்கு பிள்ளை, விழுந்திடுவாய்" என்று கூப்பாடு போட்டவர்கள் வழிவிட்டு விலகி நின்றது. இதில் ஒன்றையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

மிச்சமிருந்தது ஒன்றுதான்: தனக்குச் சரியென்று பட்ட விதத்தில் ஒரு மரத்தை வெட்டுவது.

அவள் வேலை செய்தது, கூலிக்கு ஆள் வைத்து மரம் வெட்டும் கிளைவ் பாஸிடம். எந்த மரமென்றாலும் பாஸுக்கு ஒரே வைத்தியம். தலையை மொட்டையாக அறுத்து, வெட்டின இடத்தில் தார் பூசிவிட்டுப் போவது. கிராண்ட்பாஸ் பகுதியில் ஒரு பலாவை அப்படி அறுத்தார்கள். மொட்டையில் கொத்துக் கொத்தாய்க் கிளம்பிய புதுக்கொப்புகள் பிடிமானமில்லாமல் வளர்ந்து, ஒரு மழைக்காற்றில் முறிந்து அடுத்த வீட்டுக் கூரையில் விழுந்தன. "ஏறி வெட்டினது அவள்தானே" என்று பாஸ் கைகழுவினார். கூரை உடைந்த வீட்டு உம்மு குல்தூம் றேணுகாவை றோட்டில் வைத்து ஏசினார். இனி ஒரு மரத்தையும் மொட்டையடிப்பதில்லை என்று அவள் அன்றைக்கே முடிவெடுத்தாள்.

பிறகு வந்தது வெள்ளவத்தையில் கனகசபாபதி வீட்டு மாமரம். பெரிய கொப்பொன்று அடுத்த வீட்டு அஸ்பெஸ்டஸ் சீற் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

"மண்டையோட எடு," என்றார் பாஸ்.

"மாட்டன் பாஸ். நெருக்கத்தைக் கலைச்சு, அந்தக் கொப்பை மட்டும் எடுப்பன்."

"மேடம் இப்ப மரத்துக்கு டொக்டர். கூரை உடைஞ்சா நான் பொறுப்பில்ல." பாஸ் தன் சாமான்களை லொறியில் எறிந்தார்.

கனகசபாபதி தாடையைத் தடவினார். "பிள்ளை, நான் பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்லவேணும். பொறுப்பெடுக்கிறனெண்டு எழுதித் தருவியோ?"

"ஓம் ஐயா. நீங்கள் எழுதுங்கோ, நான் ஒப்பம் வைக்கிறன்."

"மைப்பெட்டியும் கொண்டு வாங்க ஐயா," என்று லொறியிலிருந்து பாஸ் சிரித்தார். "அவளுக்குக் கைநாட்டுத்தான்."

மைப்பெட்டி வந்தது. றேணுகா அதைத் தள்ளி வைத்தாள். "பேனை தாங்கோ."

அடையாள அட்டைக்குக் கைநாட்டு வைத்தவள், அதே அட்டையைப் பார்த்துத் தன் பெயரை எழுதிப் பழகியிருந்தாள். பாஸ் பார்த்துக்கொண்டிருக்க, அவசரப்படாமல் எழுதினாள். பிறகு தன் சொந்தக் கயிற்றோடு ஏறினாள்.

கீழே கயிறு பிடித்தது, அவளோடு கொப்புப் பொறுக்க வந்த அக்கா றஞ்சிதம். பட்டை கிழியாமலிருக்கக் கொப்பின் அடிப்பக்கம் முதல் வெட்டு, அடுத்தது மேலிருந்து. கடைசியில், கொப்பு மரத்தோடு சேரும் தடித்த வளையத்தைத் தொடாமல் மிச்சக் குற்றியையும் எடுத்தாள். துண்டு துண்டாய் எல்லாம் கயிற்றில் இறங்கியது. ஒரு கூரைச் சீற்றிலும் கீறல் விழவில்லை.

"தார் பூசேல்லையோ?" என்றார் கனகசபாபதி.

"வேண்டாம் ஐயா. வெட்டின காயம் தானா மூடும்."

அதன் பிறகு அவள் ஒரு பாஸிடமும் கூலிக்குப் போகவில்லை. றேணுகா தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்தாக வைத்த நாள் 2023 பெப்ரவரி 18, சனிக்கிழமை.