பத்து நிமிஷம் முந்திய கம்ப்யூட்டர்

1988-இல் தேனியில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிரோடுதான் போடியில் ஞானபாக்கியம் அம்மா வீட்டுக்கு முதல் தடவை போனேன். ஏலக்காய் வாசம் கூடம் வரைக்கும் அடிக்கும் வீடு. இப்போது நினைத்தாலும் அந்த வாசம் வந்துவிடுகிறது.

அம்மாவின் மகன் ஜெபமணி ஏலக்காய் வியாபாரி. அவர் வீட்டில் வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டர், எப்போது போட்டாலும் 1980 ஜனவரி ஒன்று என்றே காட்டியது. உள்ளே பேட்டரி செத்திருந்தது. புதிது போட்டு, தேதியையும் மணியையும் சரியாக வைத்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் ஜெபமணி போன் செய்தார். “கடியாரம் பத்து நிமிசம் கூடக் காட்டுதுப்பா.”

மறுபடி போனேன். ஜெபமணி கடைக்குப் போயிருந்தார். இன்னொரு பேட்டரி போட்டு மணியை வைத்துவிட்டு வந்தேன். இரண்டே நாளில் மறுபடி போன். அதே பத்து நிமிஷம். “ஒனக்கு இந்த வேலை தெரியுமா, தெரியாதா?” என்று கேட்டார். சுருக்கென்றது.

மூன்றாம் தடவை போன அன்று காலையில் எல்லார் மேலும் எரிச்சல். சாப்பாடு கட்ட நேரமாக்கிய மனைவி மலையம்மாளை வாசலில் நின்று வைதுவிட்டு, ஓடிப்போய் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது அம்மா ரேடியோவைப் போட்டார். ஏழே கால் செய்தி ஆரம்பித்தது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபத்தைந்து.

எனக்கு வியர்த்துவிட்டது. என் கைக்கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருந்ததால், இரண்டு தடவையும் இந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டருக்கு மணி வைத்திருந்தேன். பல வருஷமாக அதில் பத்து நிமிஷம் கழித்தே பார்த்துப் பழகிய ஜெபமணிக்கும் சந்தேகம் அதன் மேல் போகவில்லை.

“இதுதானா திருட்டுப் பயல்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். முள்ளைத் திருப்பக் கை நீட்டியதும் அம்மா சமையலறையிலிருந்து வேகமாக வந்தார்.

“தம்பி, அதத் தொடாதப்பா. அது அவுக வச்ச மணி.”

இறங்கினேன். மாலை போட்டிருந்த கணவர் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“அறுபத்தொம்பதுல எந்தம்பி கல்யாணத்துக்கு மதுரைக்குக் கெளம்புனோம். நாஞ் சீலை கட்ட நேரமாக்கி ரயிலு போயிருச்சு. டேசன்ல அத்தன பேரு முன்னாடி என்னைய வஞ்சாக. சாயங்காலம் வந்து முள்ளப் பத்து நிமிசம் தள்ளி வச்சாக. பத்து நிமிசம் கூடன்னு வீட்ல எல்லாருக்குந் தெரியும். இருந்தாலும் அதப் பாத்தா ஒரு பதட்டம் வந்து கெளம்பிருவோம்ல.”

“இப்பத்தான் அவுக இல்லையே, அம்மா” என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

“எம்பத்து மூணுல நெஞ்சு வலின்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். இந்தக் கடியாரத்தப் பாத்துப் போனதால டேசன்ல பத்து நிமிசம் மிச்சம் இருந்துச்சு. பெஞ்சில உக்காந்தோம். ‘அன்னைக்கு ஒன்னைய இங்கன வச்சு வஞ்சிருக்கக் கூடாது பாக்கியம்’னாக. பதினாலு வருசங் கழிச்சுச் சொல்றாக. ரயிலு ஆண்டிபட்டி தாண்டுறதுக்குள்ள பேச்சு நின்னுருச்சு.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வாரா வாரம் சாவி குடுக்கேன். ரேடியோவக் கேட்டு, பத்து நிமிசம் கொறையாமப் பாத்துக்கிறேன்.”

ரேடியோவில் அடுத்து மணி சொன்னதும் கம்ப்யூட்டருக்கு மட்டும் சரியான மணியை வைத்தேன். ஸ்டூலை அது இருந்த மூலையிலேயே போட்டேன். குளித்துவிட்டு வந்த ஜெபமணியிடம், “தப்பு என்னோடதுதாண்ணே” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

சுவர்க் கடிகாரம் எட்டு அடித்தது. பதறிப்போய்ப் பையை எடுத்தேன்.

“எட்டு மணி பஸ்ஸுதான தம்பி? இன்னும் பத்து நிமிசம் இருக்கு. உக்காரு” என்று அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

உட்கார்ந்தேன். மலையம்மாளிடம் போய் என்ன சொல்வது என்றுதான் அந்தப் பத்து நிமிஷமும் யோசித்தேன்.